மேற்குப் பார்த்த வீட்டின் முகப்புக்குக் கரிய நிறம் அடிக்கலாமா?

உறையூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் வெளிப்பூச்சு சென்ற வாரம்தான் முடிந்தது. 30க்கு 50 அடி மனை. கீழ்த்தளமும் மேலே ஒரு தளமும் கொண்ட வீடு. தெரு மேற்கே இருப்பதால் முகப்பும் மேற்குப் பார்த்தே அமைந்துவிட்டது. எதிரில் இருப்பது இன்னும் வீடு எழும்பாத காலி மனை. ஆகவே பிற்பகலில் முகப்பின்மேல் விழத் தொடங்கும் வெயில் பொழுது சாயும்வரை ஒரு மறைப்பும் இல்லாமல் அடிக்கிறது.

கல்லூரியில் உள்அலங்காரம் படிக்கும் என் மகள், முகப்பு முழுவதற்கும் கருஞ்சாம்பல் நிறம், ஏறத்தாழக் கருப்பு என்றே சொல்லத்தக்க நிறம், அடிக்க வேண்டும் என்கிறாள். அவள் காட்டிய படங்களைப் பார்த்தபோது எனக்கும் ஆசை வந்துவிட்டது. தேக்கு ஜன்னல்களின் நிறமும் வாசல் செடிகளின் பச்சையும் அந்தக் கரிய பின்னணியில் எடுப்பாகத் தெரிகின்றன. என் தந்தையோ ஒரே சொல்லில் வேண்டாம் என்றுவிட்டார். கருப்பு வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் அவருக்கும் உண்டு. ஆனால் அவர் சொல்லும் காரணம் அதுவன்று. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். சித்திரை வெயிலில் நின்ற கருப்பு இரும்பைத் தொட்டுப் பார்த்த எவனும் தான் படுத்துறங்கும் அறையின் சுவருக்கு அந்த நிறத்தை அடிக்க மாட்டான் என்கிறார். முகப்புச் சுவருக்கு நேர் பின்னால் கீழ்த்தளத்தில் இருப்பது அவருடைய அறை என்பதால் அவர் பேச்சை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நிறத்தால் அறைக்குள் வெப்பம் உண்மையிலேயே கூடுமா, கூடினால் எவ்வளவு? கரிய நிறம் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் எத்தனை ஆண்டு தாங்கும்? இதைச் செய்து பார்த்தவர்களும் இந்தத் தொழிலில் இருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால், சித்திரைக்குள் ஒரு முடிவுக்கு வர எங்களுக்கு உதவியாக இருக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர். எம்-சாண்ட் கொண்டு பூசியிருக்கிறோம். புட்டி இன்னும் வைக்கவில்லை.

தஞ்சைப் பெயின்டர்

வணக்கம் ஐயா. 1996 முதல் பெயின்ட் வேலை எடுத்துச் செய்துவருகிறேன். வெப்பத்தைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லட்டும்; நான் சுவரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் சொல்கிறேன்.

பூச்சு முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். எந்த நிறமாக இருந்தாலும் இப்போது அதை எண்ணவே வேண்டாம். தண்ணீர் விட்டுப் பதப்படுத்தும் நாட்கள் முடிந்து, பூசிய நாளிலிருந்து குறைந்தது 28 நாட்களாவது கழியவேண்டும். அதற்கு மேலும் சுவர் காய்ந்ததா என்று பார்த்த பிறகே பிரைமர் தொடவேண்டும். ஈரச் சுவரில் சிமென்டின் சுண்ணாம்புச் சத்து நீரில் கரைந்து வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் அது வெண்மையான படிவமாக மாறுகிறது. இதைத்தான் உப்பு பூக்கிறது என்கிறோம். போர்த் தண்ணீரில் உப்பு மிகுந்திருந்தாலோ, செங்கல்லிலேயே உப்பு இருந்தாலோ, இந்தத் தொல்லை இன்னும் கூடும். வெள்ளைச் சுவரிலும் சந்தன நிறச் சுவரிலும் உப்பு பூத்தால் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது. கரிய சுவரில் பூத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குத் தேசப்படம் போலத் தெரியும். அடர்நிறத்தில் எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை பெயின்டின் குறையால் வந்தவை அல்ல. பொறுமை இல்லாமல் ஈரச் சுவரில் அடித்ததால் வந்தவை.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு மாலையில் சுவரில் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். கீழே தரையை ஒட்டிய பகுதியிலும், கழிப்பறைக்குப் பின்புறச் சுவரிலும், கைப்பிடிச் சுவரிலும் தனித்தனியே பார்க்கவேண்டும்; ஓர் இடம் காய்ந்திருந்தால் எல்லா இடமும் காய்ந்திருக்கும் என்று கொள்ளக் கூடாது.

அடுத்தது புட்டி. வெளிப்புறத்தில் அடர்நிறம் வரும் சுவருக்கு வெள்ளைப் புட்டி வைப்பதை நான் விரும்புவதில்லை. சைக்கிள் கைப்பிடி உரசினாலும் ஏணி சாய்ந்தாலும் கரிய சுவரில் உள்ளிருக்கும் வெள்ளை கோடாகத் தெரிந்துவிடும். கொத்தனாரைக் கொண்டே பூச்சை நன்றாகத் தேய்த்து முடித்துக்கொண்டு, காரத்தைத் தாங்கும் பிரைமரைச் சாம்பல் நிறத்தில் கலந்து அடித்தால் போதும். சாம்பல் பிரைமருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடையில் டிண்டிங் மெஷினில் அடர்நிறம் கலக்கும்போது, வெள்ளை நிறமி இல்லாத பேஸில்தான், அதாவது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்டில்தான், கலக்கிறார்கள். வெள்ளை நிறமிதான் பழைய சுவரை மூடும் சக்தியைத் தருவது. அது இல்லாததால் அடர்நிறப் பெயின்ட் இரண்டு கோட்டில் முழுமையாக மூடாது. சில நிறங்களுக்கு மூன்று கோட் அடித்தாலும் ரோலர் போன வழி தெரியும். கீழே சாம்பல் நிறம் இருந்தால் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். மதிப்பீடு போடும்போது மூன்று கோட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்குச் சுவருக்குக் காலையில் நிழல் இருக்கும். அந்த நேரத்தில்தான் அடிக்கவேண்டும். பிற்பகல் வெயிலில் அடித்தால் ரோலர் நகர்வதற்கு முன்பே முந்தைய பட்டை காய்ந்து, மேலே விழும் அடுத்த பட்டையின் ஓரம் தனியாகத் தெரியும். வெளிர் நிறத்தில் அது தெரியாது. அடர்நிறத்தில், அதுவும் பளபளப்பில்லாத மேட் வகையில், அப்படியே நின்றுவிடும். ஒரு சுவரை ஒரே மூச்சில், இரண்டு மூன்று ஆட்கள் சாரத்தில் வரிசையாக நின்று, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில்தான் நிறுத்தவேண்டும். எல்லா வாளிகளையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு பெரிய டிரம்மில் ஒன்றாகக் கலந்த பிறகே அடிக்கவேண்டும். வாளிக்கு வாளி நிறத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் கருஞ்சாம்பல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு ஐப்பசி மாதம் அடித்து முடித்த அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. காலையில் சுவர் முழுவதும் பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. வீட்டுக்கார அம்மாள் சாயம் கரைந்துவிட்டது என்று அழுதேவிட்டார்கள். அது சாயம் அன்று. நிறத்தைக் கலப்பதற்காகச் சேர்க்கும் நீரில் கரையும் பொருள்கள், பெயின்ட் முழுதாக இறுகுவதற்கு முன்பு ஈரம் பட்டால் மேலே வந்து வழிகின்றன. அடர்நிறத்தில் அந்தக் கலவை மிகுதி என்பதால் கோடும் மிகுதி. நல்ல தண்ணீரை விட்டு உடனே கழுவியதில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனாலும் அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. அன்றிலிருந்து அடர்நிற வேலையை மழைக்காலத்தில் எடுப்பதில்லை.

மதுரை இல்லத்தரசி

சகோதரருக்கு வணக்கம். நாங்கள் 2019இல் எங்கள் வீட்டின் மேற்கு முகப்புக்கும் வடக்குச் சுவருக்கும் ஒரே கருஞ்சாம்பல் நிறத்தை ஒரே வாரத்தில் அடித்தோம். ஒரே பெயின்ட், ஒரே ஆட்கள், ஒரே சுவர். ஐந்து ஆண்டுகளில் அந்த இரண்டு சுவர்களும் எப்படி வெவ்வேறாக மாறின என்பதை நான் கண்ணால் பார்த்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. முதல் கோடையில் மேற்கு அறையில் படுத்த என் மாமியார்தான், பகலில் இல்லாத வெக்கை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சுவரிலிருந்து வருகிறது என்று சொன்னார். கையை வைத்துப் பார்த்தால் உட்புறச் சுவரே சூடாக இருந்தது. ஏசி போட்டாலும் அந்தச் சுவர் ஓரத்தில் கட்டிலைப் போட முடியவில்லை. இரண்டாம் ஆண்டில், செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு விரிசல் ஓடியது. கொத்தனார் வந்து, அந்தச் சேர்மானத்தில் பூச்சுக்கு முன் கோழிவலை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றார். வலை இல்லாத அதே சேர்மானம் வடக்குச் சுவரிலும் இருந்தது. அங்கே விரிசல் வரவில்லை.

நான்காம் ஆண்டிலிருந்து மேற்குச் சுவரைக் கையால் தடவினால் வெண்மையாக மாவு ஒட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் நரைத்துப்போனது போல இருந்தது. கைப்பிடிச் சுவரில் புறா எச்சமும், ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரின் தடமும், ஆடிக் காற்றில் படியும் புழுதியும் சேர்ந்து அதை ஆண்டுக்கு இரண்டு முறை கழுவவைத்தன. கருப்பில் அழுக்குத் தெரியாது என்று எண்ணித்தான் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தோம். நம் ஊர்ப் புழுதி வெளிர் நிறமானது. அது கருப்பில்தான் நன்றாகத் தெரிகிறது. சென்ற ஆண்டு மேற்கு முகப்பை மணல் நிறத்துக்கு மாற்றிவிட்டோம். வடக்குச் சுவர் இன்றுவரை அடித்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. முன்வாசல் போர்ட்டிகோவுக்கு உள்ளே, எட்டு அடி ஆழத்தில், கதவு இருக்கும் சுவர் இன்னும் கருஞ்சாம்பலாகவே இருக்கிறது. அதன்மேல் வெயில் நேராக விழுவதில்லை. மாலையில் கடைசிக் கதிர் மட்டும் சிறிது நேரம் தொடும். வாசலில் வைத்திருக்கும் மனோரஞ்சிதத்தின் இலைகள் அந்தச் சுவருக்கு முன்னால் எவ்வளவு பச்சையாகத் தெரிகின்றன என்பதைச் சொல்லி விளக்க முடியாது. கார்த்திகைத் தீபத்தன்று மாடத்தில் அகல் வைத்தால், வெள்ளைச் சுவராக இருந்தபோது பரவிக் கலைந்துபோன சுடர் இப்போது ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கிறது. கரிய நிறத்தை வெறுத்து நான் இதை எழுதவில்லை. அதை எங்கே வைப்பது என்று முன்பே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். உங்கள் மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள்; அவள் ரசனையில் குறை இல்லை.

குன்னூர் அன்பர்

எங்கள் மலையில் கணக்கு வேறு. சுவர் சூடாவது இங்கே குறை ஆகாது. ஆண்டின் பெரும்பகுதி அது நன்மையே. வடக்குப் பார்த்த வெளிர் நிறச் சுவர்களில் பாசி படிந்து பச்சையும் கருப்புமாக வழிந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடர்நிறத்தில் அது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே மலைப் பகுதிக்காரர்கள் சொல்லும் அனுபவத்தை அப்படியே திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டாம். படங்களில் காணும் கருப்பு வீடுகள் எந்த ஊரில் நிற்கின்றன என்பதையும் பாருங்கள்.

கட்டடவியல் ஆசிரியர்

நண்பர் உறையூர்வாசிக்கு வணக்கம். மேலே எழுதிய மூவரும் சொன்னவற்றுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களையும், நீங்கள் கேட்ட எவ்வளவு என்ற கேள்விக்கான விடையையும் எழுத முயல்கிறேன்.

வெயில் படும் சுவரின் வெளிப்பரப்பு எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பரப்பின்மேல் விழும் சூரிய ஆற்றலில் எந்தப் பங்கைச் சுவர் உறிஞ்சுகிறதோ, அதைக் காற்றும் வானமும் வெப்பத்தை எடுத்துச் செல்லும் வேகத்தால் வகுக்கவேண்டும். கிடைக்கும் விடையைக் காற்றின் வெப்பநிலையோடு கூட்டவேண்டும். ஏப்ரல் மாதப் பிற்பகல் நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் விழுகிறது என்றும், வெப்பம் வெளியேறும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 20 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். கருப்பு ஏறத்தாழ 90 சதவீதத்தை உறிஞ்சும். ஆகவே 540ஐ 20ஆல் வகுத்தால் 27 டிகிரி. புதிதாக அடித்த வெள்ளை 30 சதவீதம் உறிஞ்சினால் 9 டிகிரி. காற்று 39 டிகிரியில் இருக்கும் நாளில் கருப்புச் சுவர் 66 டிகிரியை நோக்கியும் வெள்ளைச் சுவர் 48 டிகிரியை நோக்கியும் போகும். சுவர் தன் உள்ளே கொஞ்சம் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் நடப்பில் இதைவிடச் சில டிகிரி குறையும். காற்று நன்றாக வீசினால் மேலும் குறையும். வெள்ளையும் புழுதி படியப் படிய 30 சதவீதத்தில் நில்லாது. இவற்றையெல்லாம் கழித்தாலும், மீதமிருக்கும் வேறுபாடு உங்கள் தந்தையின் கை அறிந்த வேறுபாடுதான்.

அந்த வெப்பம் உடனே அறைக்குள் வருவதில்லை. 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க அதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணியின் உச்சம் உள்ளே வந்து சேர்வது இரவு பத்து மணிக்கு. மதுரைச் சகோதரியின் மாமியார் ஒன்பது மணிக்குப் பிறகு வெக்கை வருகிறது என்று சொன்னது மிகச் சரியான கவனிப்பு. உறங்கும் அறைக்கு இதைவிடப் பொருந்தாத நேரம் வேறு இல்லை.

திசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியது அதுதான். திருச்சி ஏறத்தாழ வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த மாதங்களில் வெயிலை முழுமையாக வாங்குபவை மொட்டை மாடியும் கிழக்கு, மேற்குச் சுவர்களுமே. இரண்டுக்கும் கிடைக்கும் வெயில் ஏறத்தாழச் சமம் என்றாலும், கிழக்குச் சுவர் இரவு முழுவதும் குளிர்ந்த பிறகு காலை வெயிலை வாங்குகிறது. மேற்குச் சுவரோ, காற்று ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருக்கும் வேளையில் வாங்குகிறது. தெற்குச் சுவர் மார்கழி, தை மாதங்களில்தான் மிகுதியாக வெயில் காய்கிறது. வடக்குச் சுவருக்கு வைகாசி, ஆனி மாதங்களில் சாய்வான வெயில் கிடைக்கும். மற்ற நாட்களில் பெரும்பாலும் நிழல்தான். உங்கள் வீட்டில் நான்கு சுவர்களில் கரிய நிறத்துக்கு மிகப் பொருந்தாத சுவர் மேற்குச் சுவரே என்று சொல்ல வருந்துகிறேன்.

அப்படியானால் நடுத்தரமான சாம்பல் நிறம் அடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கே கண் நம்மை ஏமாற்றுகிறது. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றும் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்புவதில்லை. 18 முதல் 20 சதவீதத்தைத்தான் அனுப்புகிறது. வெப்பக் கணக்கில் அது கருப்பின் பக்கமே நிற்கிறது. பெயின்ட் நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு நிறமும் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று காட்டும் எல்.ஆர்.வி. என்ற எண்ணைத் தருகின்றன. கடையில் கேட்டால் கிடைக்கும். 0 என்றால் முழுக் கருப்பு, 100 என்றால் முழு வெண்மை. மேற்குச் சுவருக்கு 60க்குக் கீழே போகாதீர்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். இது விதி அன்று, என் துணிபு மட்டுமே.

விரிசலுக்கான காரணமும் இதே வெப்பந்தான். கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு நீளும். 9 மீட்டர் பீம் 30 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டாகவேண்டும். செங்கல் அதில் பாதியளவே நீளும். இரண்டும் சேரும் கோட்டில் பூச்சு பிளக்கிறது. உங்கள் வீட்டில் அந்தச் சேர்மானத்தில் வலை அடித்தார்களா என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் சுவரில் திடீரென்று கோடை மழை அடிக்கும்போது அந்த இழுபறி ஒரே மணி நேரத்தில் நடந்துவிடுகிறது.

சுவர் நரைத்துப்போவதைப் பற்றியும் ஒரு சொல். கருப்பு நிறமி வெளுப்பதில்லை. கார்பனும் கரிய இரும்பு ஆக்சைடும் வெயிலுக்கு அசையாதவை. அவற்றைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் பிசின்தான் புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து மாவாகிறது. எல்லா நிறத்திலும் அது நடக்கிறது. வெளிர் நிறத்தில் மாவும் சுவரும் ஒரே நிறமாக இருப்பதால் நாம் அறிவதில்லை.

குன்னூர் அன்பர் எந்த ஊர் என்று பாருங்கள் என்றது பொருள் பொதிந்த சொல். உலகில் கருப்புக் கட்டட மரபு தழைத்த இடங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகள், அதுவும் மரத்தால் கட்டும் நாடுகள். நார்வேயின் போர்குண்டில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்பதற்கு, அதன்மேல் தலைமுறை தலைமுறையாகப் பூசிவந்த பைன் மரத் தாரும் ஒரு காரணம். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் மீனவர்கள் வலைகளை வைக்கும் உயரமான கருப்பு மரக் கொட்டகைகளும் உப்புக் காற்றுக்காகத் தார் பூசப்பட்டவையே. ஜப்பானில் தேவதாரு வகைப் பலகைகளின் மேற்பரப்பைத் தீயில் கருக்கிச் சுவருக்கு அடிக்கிறார்கள். கருகிய தோல் மரத்தைக் காக்கிறது. மாட்சுமோட்டோ கோட்டையின் கரிய பலகைகளுக்கு ஆண்டுதோறும் அரக்கு பூசுகிறார்கள். இந்த இடங்களிலெல்லாம் மரத்தைக் காக்கும் வேலையிலிருந்து பிறந்த கருப்பு பின்னர் அழகாகவும் ஆனது. நம் மண்ணில் அந்தக் காவல் வேலையைச் சுண்ணாம்பு செய்தது. ஆகவே நம் வீடுகள் வெண்மையாக இருந்தன. அடர்நிறம் நமக்கும் அயலானது அன்று: மழைத்துளி தெறித்துச் சேறு படியும் அடிச்சுவரில் ஒரு முழ உயரத்துக்கு அடர்ந்த பட்டை அடிப்பது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். தேவை இருந்த இடத்தில் மட்டும் அதை வைத்தார்கள்.

உறையூர்வாசி

இவ்வளவு நேரம் செலவழித்து எழுதிய அனைவருக்கும் நன்றி. மதுரைச் சகோதரி எழுதியதை என் மகளும் தந்தையும் சேர்ந்தே படித்தார்கள். பீம் சேர்மானத்தில் கோழிவலை அடித்திருக்கிறார்கள். பூச்சுக்கு முன் எடுத்த படத்தில் தெரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கடைக்காரர் ஒருவர் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கருப்புப் பெயின்ட் என்று ஒன்றைக் காட்டுகிறார், அது உண்மையா? சுவருக்கு அடிக்காமல் கரிய பலகையையோ கடப்பாக் கல்லையோ முகப்பில் பதித்தால் வெப்பம் குறையுமா?

கட்டடவியல் ஆசிரியர்

முதல் ஐயத்துக்கு விடை: அது உண்மை, ஆனால் அளவோடு. சூரிய ஆற்றலில் பாதியை ஒட்டிய பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. சாதாரணக் கார்பன் கருப்பு அதையும் சேர்த்து விழுங்கி, மொத்தத்தில் 5 சதவீதத்தைத்தான் திருப்புகிறது. குரோமியமும் இரும்பும் கலந்த சில நிறமிகள் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பில் ஒரு பகுதியைத் திருப்பிவிடுவதால், மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை ஒட்டித் திருப்ப முடியும். என் முந்தைய கணக்கில் 27 டிகிரி என்றது 22 டிகிரியை ஒட்டி இறங்கும். பயன் உண்டு, ஆனால் வெள்ளையின் 9 டிகிரிக்கு அருகில் வராது. வாங்குவதானால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் அளக்கும் எல்.ஆர்.வி. எண்ணைப் பார்க்காமல், சூரிய ஆற்றல் முழுவதையும் எவ்வளவு திருப்புகிறது என்ற எண்ணை எழுத்தில் கேளுங்கள். அந்த எண்ணைத் தராதவரிடம் வாங்கவேண்டாம்.

இரண்டாவது ஐயத்துக்கு விடை பதிக்கும் முறையைப் பொறுத்தது. கடப்பாக் கல்லைச் சிமென்ட் வைத்துச் சுவரோடு ஒட்டினால் அது தடித்த கருப்புப் பெயின்ட் போலத்தான். அதையே சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கீழும் மேலும் காற்றுப் போகும் வழி விட்டுச் சட்டத்தில் பொருத்தினால், சூடான காற்று இடைவெளி வழியே மேலேறிப் போய்விடும். சுவருக்கு அது நிழலாகவே அமையும். கரிய நிறத்தை மேற்கில் வைத்தே தீரவேண்டுமானால் அதுதான் நேர்மையான வழி. செலவு கூடும், பல்லியும் குளவியும் புகாமல் வலை அடிக்கவேண்டியிருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். முகப்பைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நீங்கள் மொட்டை மாடியை மறந்துவிடாதீர்கள். நண்பகல் வெயில் முழுவதையும் வாங்குவது அதுதான். தெலங்கானா மாநிலம் 2023இல் கூரைகளின் வெப்பத்தைக் குறைப்பதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது இந்தக் காரணத்தால்தான். தட்டோடு பதித்தாலும், வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடித்தாலும், அந்தச் செலவு முகப்புச் செலவுக்கு முன்னால் வரவேண்டும்.

தஞ்சைப் பெயின்டர்

ஐயா, ஒரு சிறு யோசனை. எங்கள் எல்லாரின் பேச்சையும் விட உங்கள் சுவரும் உங்கள் வெயிலும் சொல்வது மேல். இரண்டடிச் சிமென்ட் பலகைகள் நான்கு வாங்கி, பிரைமர் போட்டு, ஒன்றுக்கு மகள் விரும்பும் கருஞ்சாம்பல், ஒன்றுக்கு நடுச் சாம்பல், ஒன்றுக்கு மணல் நிறம், ஒன்றுக்கு வெள்ளை அடித்து, முகப்பிலேயே ஒரு வாரம் சாய்த்துவையுங்கள். மாதிரி டப்பாவுக்கு ஆகும் காசு, தவறான நிறத்துக்காகச் சாரம் இரண்டாம் முறை கட்டும் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிறம் வேறு வேறாகத் தெரியும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

உறையூர்வாசி

பெயின்டர் ஐயா சொன்னபடி நான்கு பலகைகளை வைத்துப் பார்த்தோம். நான்காம் நாள் மாலை நான்கரை மணிக்குத் தந்தை ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்தார். வெள்ளையிலும் மணல் நிறத்திலும் கை நின்றது. கருஞ்சாம்பலில் இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டார். நடுச் சாம்பலிலும் ஐந்து எண்ணும்வரைதான் தாங்கியது. அது எங்கள் எல்லாருக்கும் வியப்பு. என் மகளும் கை வைத்துப் பார்த்துவிட்டு, தாத்தாவின் அறைச் சுவருக்கு இது வேண்டாம் என்று அவளாகவே சொன்னாள்.

பிறகு அந்தக் கரிய பலகையை எடுத்துக்கொண்டுபோய்ப் போர்ட்டிகோவின் உட்சுவரில் சாய்த்தது என் தந்தைதான். எங்கள் போர்ட்டிகோ ஏழு அடி ஆழம். மாலையில் வெயில் உள்ளே வருகிறது என்றாலும் கதவை ஒட்டிய பாதிச் சுவருக்கு எட்டுவதில்லை. தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, இங்கே அடித்துக்கொள் என்று பேத்தியிடம் சொன்னார். முகப்பு முழுவதும் மணல் நிறம், போர்ட்டிகோவின் உட்சுவரும் வடக்குச் சுவரும் கருஞ்சாம்பல், கைப்பிடிச் சுவர் வெளிர் நிறம் என்று பேசி முடித்திருக்கிறோம். மாடிக்கு வெள்ளைத் தட்டோடு சொல்லியாயிற்று.

நேற்று மாலை மூன்று இடங்களில் பாலிதீன் தாள் ஒட்டினோம். இன்று காலை மேல்தளத்தில் இரண்டு இடமும் காய்ந்திருந்தன. வடக்குச் சுவரின் அடிப்பகுதியில் தாளுக்குள் துளித்துளியாக நீர் நின்றது. அந்தச் சுவருக்கு மட்டும் இன்னும் மூன்று வாரம் பொறுத்து மறுபடியும் ஒட்டிப் பார்க்கப் போகிறோம்.